சொகுசுக் கப்பலின் வருவாய் கரை சேருமா?

கல்லூரி நாள்களில், சிங்கப்பூர் செல்லும் உறவினரை வழியனுப்பக் கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயிலேறிச் சென்னைத் துறைமுகத்துக்குச் சென்றிருக்கிறேன். விமானக் கட்டணம் எட்டாத எளியோர் பலர், பெட்டி படுக்கைகளுடன் 'எம்.வி. சிதம்பரம்' கப்பலில் ஏறிய காலம் அது. 1985இல் நடுக்கடலில் நேர்ந்த தீவிபத்தோடு அந்தச் சேவை முடிவுக்கு வந்தது.

2022 ஜூனில் 'எம்ப்ரஸ்' சொகுசுக் கப்பலின் பயணத்தை முதல்வர் மு.க.ஸ்டாலின் சென்னையில் தொடங்கிவைத்தபோது, பயணிகள் கப்பல் திரும்பிவிட்டதென்று நானும் மகிழ்ந்தேன். ஆனால், பொருளியல் நோக்கில் இது வேறு பண்டம். அன்றைய பயணி, தூரத்தைக் கடப்பதற்கு விலை கொடுத்தார். அந்தத் தேவையை விமானம் எடுத்துக்கொண்டது. சொகுசுக் கப்பலோ மிதக்கும் விடுதி. உணவும் கேளிக்கையும் கப்பலுக்குள்ளேயே கிடைப்பதால், பயணியின் செலவில் பெரும்பகுதி கரையில் உள்ள வணிகரைச் சேர்வதில்லை.

ஆகவே, எத்தனை பேர் பயணம் செய்தனர் என்பதைவிட, கப்பலுக்கான காய்கறி, பால், மீன், சலவை, பராமரிப்புப் பணிகள் எங்கிருந்து பெறப்படுகின்றன என்பதே முக்கியமான கேள்வி. காட்டுப்பள்ளி, எண்ணூர் காமராஜர் துறைமுகங்களைக் கொண்டது எங்கள் திருவள்ளூர் மாவட்டம். சரக்குக் கப்பல்களால் இங்குள்ள தொழிற்சாலைகள் பயன்பெறுகின்றன. அதுபோல, சொகுசுக் கப்பலால் பழவேற்காட்டு மீனவரும் பொன்னேரி உழவரும் பயன்பெற வேண்டும். கப்பல் நிறுவனங்களுக்குச் சலுகை வழங்கும்போது, உள்ளூர்க் கொள்முதலை நிபந்தனையாக்க அரசு தயங்கக் கூடாது.