கடல்மீனுக்கேற்ற பயணத் தூண்டிற்கோல்

ஆண்டுக்கொருமுறை வாய்க்கும் விடுமுறையில் அந்தமானுக்குச் செல்லும் நம் குடும்பங்களில், தூண்டில் போடுவதில் ஆர்வமுள்ளவர் ஒருவரேனும் இருப்பார். ஏரியிலும் ஆற்றிலும் பழகிய அவர், கெண்டைக்குப் போதுமான கோல் பாரைக்கும் போதும் என்று எண்ணிவிடுவதுண்டு. யானும் அவ்வாறு எண்ணி ஏமாந்தவனே. பெட்டியில் அடங்குகிறது என்ற ஒரே காரணத்திற்காக மெல்லிய கோலொன்றை வாங்கிச் சென்றேன். முதல் நாளே பாரையொன்று பொய்யிரையைக் கவ்விப் பவளப்பாறையை நோக்கிப் பாய்ந்தது. கோல் மூட்டருகே முறிந்தது, நூலும் அறுந்தது. வாயில் முள்ளோடு சென்ற அம்மீனை நினைக்குந்தோறும் இன்றும் வருத்தமே.

பாரை இனத்திற் பெரியது எத்துணை வலியது என்பதற்குச் சான்றொன்று உண்டு. 2006-இல் ஜப்பானில் தூண்டிலிற் பிடிபட்ட ஒன்று 72.8 கிலோ நிறை கொண்டது. அதிற் கால்பங்குள்ள மீனே வளர்ந்த ஆடவரைத் தள்ளாடச் செய்யும்.

ஆதலின் முதலிற் கோலின் வலிமையையும், அடுத்து அதன் நீளத்தையும் நோக்குதல் வேண்டும். எட்டடிக் கோல் இரண்டு துண்டாயின் ஒவ்வொன்றும் நாலடிக்குக் குறையாது; பயணத்தில் அது தொல்லை. மூன்று துண்டாயின் ஏறத்தாழ 85 சென்டிமீட்டரும், நான்காயின் 65 சென்டிமீட்டரும் ஆகும். இவையிரண்டும் விமானத்திற்கும் இரயிலுக்கும் ஏற்றவை. ஒன்றனுள் ஒன்று நுழைந்து சுருங்கும் கோல் சிறுமீனுக்கே தகும்.

துண்டுகள் பலவாயினமையால் மட்டும் கோல் வலிமை குன்றுவதில்லை. மூட்டுகள் செம்மையாயிருத்தலே முதன்மை. கடையிற் கோலைப் பொருத்தி, மெல்ல வளைத்துப் பாருங்கள். மூட்டுகளில் ஒடிந்தாற்போன்ற கோணம் தோன்றாது ஒரே வளைவாக அமைதல் வேண்டும். நூல் செல்லும் வளையங்கள் இரட்டைக் காலுடையனவாய், உப்புநீரில் துருவேறாதனவாய் இருக்கட்டும். அடிப்பிடி, முழங்கைக்குக் கீழே ஊன்ற நீளமுடையதாகட்டும்.

கோலின்மேல் நூலின் வலிமையும் பொய்யிரையின் எடையும் குறிக்கப்பட்டிருக்கும். பாரைக்கு 50 முதல் 80 பவுண்டு பின்னல் நூலைத் தாங்குவதை நாடுங்கள். 50 பவுண்டு என்பது சுமார் 23 கிலோ. ரீலின் பிடியை நூல் வலிமையின் மூன்றில் ஒரு பங்காக, அதாவது ஏழரைக் கிலோ அளவில் இறுக்கிவைப்பது வழக்கம். வீட்டிலுள்ள கொக்கித் தராசில் நூலை மாட்டி இழுத்தால் இவ்வளவு எளிதிற் புலப்படும்.

போரிடும்போது கோலைத் தலைக்குமேல் நட்டமாக நிமிர்த்தலாகாது. பாரம் முழுதும் மெல்லிய நுனியில் விழும். கார்பன் கோல் நொடியில் முறியும். எறிய எறிய மூட்டுகள் தளரும். தளர்ந்த மூட்டே பெரும்பாலும் பிளப்பது. ஆகவே அவ்வப்போது கையால் இறுக்கிக்கொள்ளுங்கள். கார்பன் மின்சாரம் கடத்துவதாதலின், இடி மின்னலின்போது கோலைக் கீழே வைத்துவிடுதல் நலம். மாலையில் நன்னீரிற் கழுவித் துடைத்தல் மறவாதீர்.

வண்டூரில் 1983-இல் அமைந்த மகாத்மா காந்தி கடல்சார் தேசியப் பூங்கா எல்லையில் மீன்பிடித்தல் கூடாது. பிற இடங்களிலும் விதிகளை முன்னரே விசாரித்துக்கொள்க.

பெட்டிக்கேற்ற கோலைத் தேடாதீர். மீனுக்கேற்ற கோலைத் தேர்ந்து, அதற்கேற்ற உறையைத் தேடுவீர்.