கண்ணாடி உடைஞ்சுடுச்சா? கவலை வேண்டாம்!

திருச்செந்தூரில் கந்தசஷ்டிக் கூட்டம். யாரோ முழங்கையால் இடித்ததில் உங்கள் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து, ஒரு பக்கக் கம்பி தனியே கழன்றுவிட்டது. ஊர் திரும்பும்வரை மாத்திரை அட்டையைப் படிக்க வேண்டுமே, படியில் தடுமாறாமல் இறங்க வேண்டுமே! என்ன செய்யலாம்?

முதலில் எது போச்சு என்று பாருங்கள். பெரும்பாலும் மடிக்கும் இடத்தில் இருக்கும் குட்டி ஸ்க்ரூதான் விழுந்திருக்கும். அது கிடைத்துவிட்டால் வெள்ளைத் துணியை விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள். உருண்டாலும் கண்ணில் படும். கடிகார முள் சுற்றும் திசையில் மெதுவாகத் திருகினால் போதும். ரொம்ப இறுக்கினால் மரை தேய்ந்துவிடும்.

ஸ்க்ரூ தொலைந்துவிட்டதா? ஒரு பல்குச்சியை ஓட்டைக்குள் அழுத்தி, மிச்சத்தை ஒடித்துவிடுங்கள். மின்சார ஒயரிலிருந்து ஒரு இழை செம்புக் கம்பியை உருவி, நுழைத்து முறுக்கினாலும் சரி. முனை கண் பக்கம் நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது, ஜாக்கிரதை! கம்பியே முறிந்திருந்தால், இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிச் சமாளிக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீங்க!

நொடியில் ஒட்டும் பசை வேண்டவே வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் ஆவி லென்ஸ் மேல் வெள்ளைப் புகை மாதிரி படிந்துவிடும். பசை கண்ணில் தெறித்தால் அதைவிட ஆபத்து. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், பிளாஸ்டிக் பிரேமைக் கரைத்துவிடும். நெருப்பில் காட்டி வளைக்கவும் கூடாது.

மூக்கின் மேல் உட்காரும் நடுப்பாலம் உடைந்தால் வீட்டு வைத்தியம் பலிக்காது. ஏன் தெரியுமா? லென்ஸின் மையப்புள்ளி உங்கள் கண்மணிக்கு நேராக இருக்கும்படிதான் கண்ணாடியைச் செய்கிறார்கள். கோணலாக ஒட்டினால் அது விலகிவிடும். பவர் அதிகமானவர்களுக்குத் தலைவலி வரும், பார்வை இரட்டையாகக்கூடத் தெரியும். சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு லென்ஸ் கொஞ்சம் சுழன்றாலே எழுத்து மங்கும். கடைக்குத்தான் போக வேண்டும்.

குழந்தைகளின் கண்ணாடி என்றால் 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடாதீர்கள். 'சோம்பேறிக் கண்' உள்ள பிள்ளைகளுக்குச் சின்ன வயதில் கண்ணாடிதான் மருந்து. போடாத ஒவ்வொரு நாளும் அந்தக் கண்ணுக்கு நஷ்டம்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புத்தண்ணீர் காய்ந்தால் ஸ்க்ரூ துருப்பிடிக்கும். மெட்டல் பிரேமில் செம்பு கலந்திருந்தால், வியர்வையும் சேர்ந்து மூக்குப் பக்கம் பச்சைக் களிம்பு கட்டும். கடலில் இறங்குமுன் கண்ணாடியைக் கழற்றி டப்பாவில் வையுங்கள். உப்புத்தண்ணீர் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றுங்கள்.

பவர் எழுதிய சீட்டுக்கு ஒரு நகல் எடுத்துப் பர்ஸில் வைத்திருங்கள். பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடாதீர்கள். அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும்!