அவலாஞ்சி தூண்டில் ஆழ்கடலுக்கு ஆகுமா?

நீலகிரி ஓடைகளில் இருக்கும் ட்ரவுட் வெளியிலிருந்து வந்த மீன். அவலாஞ்சியில் 1907இல் அதற்கென்றே பொரிப்பகம் அமைந்தது. பூச்சி தின்னும் மீன் என்பதால் இரையாகக் கட்டும் போலிப் பூச்சிக்கு எடையே இராது. கனமான நரம்பைத்தான் வீசுகிறோம். மெல்லிய கோல் வளைந்து நிமிர்ந்து அதைத் தள்ளுகிறது. ரீலுக்குப் பெரும்பாலும் நரம்பைச் சுற்றி வைக்கும் வேலைதான்.

தூத்துக்குடிக் கடலில் சூரை கடித்தால் கதையே வேறு. அங்கே போராடுவது ரீலின் பிரேக். நரம்பு தாங்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு அதை முறுக்கி வைப்பது வழக்கம். ஏன் அவ்வளவு குறைவு? 15 கிலோ நரம்பு, 5 கிலோ பிரேக் என்று கொள்வோம். மீன் ஓட ஓட உருளையில் சுற்று மெலிகிறது. பிரேக்கின் உராய்வு மாறாது; ஆனால் சுற்றின் ஆரம் பாதியானால் இழுவிசை இரட்டிப்பாகி 10 கிலோவைத் தொடும். நீரின் இழுப்பும் சேர்ந்தால் நரம்பு அறுந்துவிடும். எனவே கடலுக்கு நரம்பு நிறையக் கொள்ளும் அகன்ற உருளையே வாங்குங்கள்.

கோல் குட்டையாக, தடித்து இருக்கட்டும். நீளக் கோலில் நெம்புகோலின் பலன் மீனுக்குத்தான், நம் இடுப்புக்கு வலிதான். உப்புநீர் புகாத ரீலானாலும் கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.