இணைமின் உற்பத்தி: சுரங்கத்துக்கு ஆகாதது, ஆலைக்கு ஆவது

1902ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான மின்சாரம், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி கடந்து கோலார் தங்கவயலை எட்டியபோது, அதுவரை நீராவி எஞ்சின்களை நம்பியிருந்த சுரங்கங்களின் எரிபொருள் கவலை பெரிதும் தணிந்தது. தங்கவயலுக்கு வேண்டியது கூண்டை ஏற்றி இறக்கவும், ஊற்றுநீரை இறைக்கவும், தாதுவை இடிக்கவும் ஆன விசை மட்டுமே. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் இறங்கிய சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடியாழத்தில் பாறையின் வெப்பமே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதால், குளிரூட்டிய காற்றை உள்ளே அனுப்புவதற்கும் மின்சாரம் செலவாயிற்று.

எரிபொருளை ஒருமுறை எரித்து, மின்சாரத்தையும் தொழிலுக்கு உதவும் வெப்பத்தையும் சேர்த்துப் பெறும் இணைமின் உற்பத்தி, வெப்பத்துக்கு வேலையில்லாத இத்தகைய இடத்துக்குப் பொருந்தாது. வழக்கமான அனல்மின் நிலையத்தில் நிலக்கரியின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே மின்சாரமாகிறது. சுழலியைச் சுற்றிவிட்டு வரும் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் நீராக்கும் ஒடுக்கியில்தான் எஞ்சியதில் பெரும்பகுதி வீணாகிறது. அந்த நீராவிக்கு அருகிலேயே வேலை இருந்தால் எரிபொருளின் பயன் எழுபது, எண்பது விழுக்காடு வரை உயரும்.

சர்க்கரை ஆலையில் அந்த வேலை தயாராகக் காத்திருக்கிறது. அரைத்த கரும்பின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சக்கையாக மிஞ்சுகிறது. அதில் பாதி ஈரம் என்றாலும் கொதிகலனில் நன்றாகவே எரியும். உயர் அழுத்த நீராவி சுழலியைச் சுழற்றி மின்சாரம் தந்தபின், இரண்டு மூன்று பார் அழுத்தத்துக்குத் தணிந்து வெளிவந்து, கருப்பஞ்சாற்றைச் சுண்டக் காய்ச்சும் கலன்களுக்குச் செல்கிறது. பழைய ஆலைகள் சுமார் 20 பார் கொதிகலன்களோடு நின்றுவிட்டன. சக்கை மலையாய்க் குவியாமல் எரித்துத் தீர்ப்பதே அன்றைய கவலையாதலால், சிக்கனத்தை எவரும் பொருட்படுத்தவில்லை என்பதில் வியப்பில்லை. 1990களில் தொடங்கி, நெல்லிக்குப்பம் உள்ளிட்ட தமிழ்நாட்டு ஆலைகள் அறுபது முதல் நூறு பாருக்கு மேற்பட்ட கொதிகலன்களுக்கு மாறியதால், தம் தேவை போக மிஞ்சிய மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்க முடிந்தது.

அரவைப் பருவம் முடிந்தால் சாறு இல்லை. சாறு இல்லையேல் நீராவிக்கும் வேலை இல்லை. அப்போது சேமித்த சக்கையையோ நிலக்கரியையோ எரித்து, நீராவியை ஒடுக்கிக்கு அனுப்பி ஓட்டப்படும் அதே சுழலி, பெயரளவில் இணைமின் நிலையமாக இருந்தாலும் நடைமுறையில் சிறியதோர் அனல்மின் நிலையமே.