சமூக அறிவியல் கசக்குமா?



மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "கணக்கில் எவ்வளவு?" அடுத்தது, "அறிவியலில் எவ்வளவு?" சமூக அறிவியலைக் கடைசியில்தான் பார்க்கிறோம், சில வீடுகளில் பார்ப்பதே இல்லை. "அது மனப்பாடப் பாடம்தானே, தேர்வுக்கு முதல் நாள் படித்துக்கொண்டால் போதும்" என்று நாம் சொல்வது பிள்ளைகளின் காதில் விழுகிறது. அவர்களும் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்றுவரும் மாணவி. படிப்பு முடிந்ததும் நம் தீவுகளில் ஏதேனும் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பயிற்சிக்காக ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுத்தபோது ஒன்றைக் கவனித்தேன். பிள்ளைகளுக்கு முதலாம் பானிப்பட்டுப் போர் நடந்த ஆண்டு தெரிகிறது. தங்கள் தாத்தா கப்பலேறி இங்கு வந்த ஆண்டு தெரியவில்லை. "இந்தியாவின் தென்கோடி எது?" என்று கேட்டால், வகுப்பே "கன்னியாகுமரி" என்கிறது. அது மெயின்லாண்டின் தென்கோடி. நாட்டின் தென்கோடி, நம் கிரேட் நிக்கோபாரில் உள்ள இந்திரா முனை. நம் தீவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது தோன்றவில்லை. வரலாறும் புவியியலும் கடலுக்கு அப்பால் இருப்பவை, நமக்கென்று எதுவும் இல்லை என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் படிந்திருக்கிறது.

பாடம் கசப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினால் அது கசக்காது. நான் செய்து பார்த்த சிலவற்றையும், இனி செய்ய எண்ணியுள்ள சிலவற்றையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சூரியன் சொல்லும் கணக்கு

தீர்க்கரேகை என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்லாமலே தொடங்கினேன். "சென்னையில் இருக்கும் அத்தை வீட்டுக்கோ மாமா வீட்டுக்கோ சாயங்காலம் போன் செய்து, அங்கே சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது என்று கேட்டு வாருங்கள். இங்கே மறைந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்" என்றேன். மறுநாள் ஆளாளுக்கு ஒரு சீட்டோடு வந்தார்கள். இங்கே இருட்டிய பிறகும் சென்னையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருந்திருக்கிறது. ஏன்?

அப்போதுதான் வரைபடத்தை விரித்தேன். பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. போர்ட் பிளேயர் ஏறத்தாழ 92¾ பாகை கிழக்கில் இருக்கிறது. சென்னை 80¼ பாகையில் இருக்கிறது. வித்தியாசம் 12½ பாகை. நான்கால் பெருக்கினால் 50 நிமிடம். நம் கடிகாரமோ 82½ பாகைக் கோட்டை வைத்து ஓடுகிறது. அதனால்தான் நமக்கு விடிவது ஐந்து மணியை ஒட்டி, இருட்டுவது சீக்கிரம். கணக்கு முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ நம்ம ஊருக்குன்னு தனிக் கடிகாரம் ஏன் இல்ல, டீச்சர்?" அந்தக் கேள்விக்கு மட்டும் தனியாக ஒரு வகுப்பு எடுக்கலாம்.

பதினேழு முழக் கயிறு

வரலாற்றுக்கு நான் வைத்துக்கொண்ட கருவி ஒரு தேங்காய் நார்க் கயிறு. பத்து ஆண்டுக்கு ஒரு முழம் என்று கணக்கு. 1858-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் தேதி, ஜே.பி. வாக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 200 கைதிகளோடு வந்து இறங்கி, கைதிகள் குடியிருப்பைத் தொடங்கினார். அன்று முதல் இன்று வரை ஏறக்குறைய பதினேழு முழம். வகுப்பின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கட்டினால் சரியாக இருக்கும்.

பிறகு ஒவ்வொரு பிள்ளையும் தன் குடும்பம் தீவுக்கு வந்த ஆண்டை அட்டையில் எழுதி, கயிற்றில் அந்த இடத்தில் தொங்கவிட வேண்டும். 1921 மலபார் கிளர்ச்சிக்குப் பின் கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட மாப்பிள்ளைமார், 1920-களில் பர்மாவிலிருந்து மாயாபந்தர் பகுதிக்கு வந்த கரேன் மக்கள், 1949 முதல் குடியேறிய கிழக்கு வங்காள அகதிகள், ராஞ்சிப் பக்கத்திலிருந்து காடு வெட்ட வந்த தொழிலாளர்கள் என்று கயிறு நிறைகிறது. நம்மவர்களும் பல வழிகளில் வந்தவர்கள்தாம். பிழைப்புத் தேடிக் கப்பலேறியவர்கள் உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டவர்கள் உண்டு. 1969 முதல் கேம்பல் பேயில் நிலம் பெற்ற முன்னாள் படைவீரர் குடும்பங்களும் உண்டு. பக்கத்து பெஞ்சில் இருக்கும் வங்காளப் பையனின் அட்டையும் தன் அட்டையும் ஒரே கயிற்றில் ஆடுவதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

அடுத்து, "முதலாம் இராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் நிக்கோபார் 'மாநக்கவாரம்' என்று வருகிறது. அவன் கடற்படையெடுப்பு 1025-ஆம் ஆண்டை ஒட்டியது. அந்த அட்டையை எங்கே மாட்டலாம்?" என்று கேட்டேன். 1858-க்கு முன்னால் இன்னும் 83 முழம் வேண்டும். கயிறு வராந்தாவைத் தாண்டித் திடலுக்குப் போய்விடும். பிள்ளைகளுக்கு ஒரே உற்சாகம்.

கடைசியாக ஒரு கேள்வி: "ஜாரவா, ஓங்கி, சென்டினல், பெரிய அந்தமானியர், நிக்கோபாரி, ஷோம்பென் மக்களின் அட்டைகள் எங்கே?" அதுவரை ஜாரவா என்றால் சிரித்துக் கேலி பேசிய வகுப்பு அமைதியானது. அவர்கள் இங்கே வாழ்வது பல ஆயிரம் ஆண்டுகளாக. ஆயிரம் ஆண்டுக்கு நூறு முழம். கயிறு பள்ளி வாசலைத் தாண்டி ரோட்டில் போய்க்கொண்டே இருக்கும். ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: "அப்போ நாமதான் புதுசா வந்தவங்களா, டீச்சர்?" 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையைப் பற்றியும், அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜாரவா மக்களைப் படம் எடுப்பது ஏன் குற்றம் என்பதைப் பற்றியும் அதன் பிறகு சொன்னால் மனத்தில் ஏறுகிறது. அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது வெறும் விதியாகப் போயிருக்கும்.

சாக்பீஸில் ஒரு சிறை

செல்லுலார் சிறைக்கு நம் பிள்ளைகள் பலமுறை போயிருக்கிறார்கள். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் அழைத்துப் போகும் இடம் என்பதோடு சரி. 1896-இல் தொடங்கி 1906-இல் கட்டி முடித்தார்கள் என்று புத்தகம் சொல்வதைப் படிப்பார்கள், மறப்பார்கள்.

திடலில் பதின்மூன்றரை அடிக்கு ஏழரை அடி என்று சாக்பீஸால் கோடு போட்டேன். ஓர் அறையின் அளவு அதுதான். ஒருவரை உள்ளே ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொன்னேன். பிறகு ஏழு பிரிவுகளையும் நடுவில் கோபுரத்தையும் வரைந்து, "ஒரு பிரிவின் முகப்பு அடுத்த பிரிவின் முதுகைப் பார்க்கும்படி ஏன் கட்டினார்கள்?" என்று கேட்டேன். கைதி கைதியைப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். "பின்னே எப்படி எல்லாரும் சேர்ந்து உண்ணாவிரதம் இருந்தாங்க?" என்ற கேள்வி தானாக வந்தது. 1933 உண்ணாவிரதத்தின்போது உயிர்விட்ட மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் ஆகியோர் பெயர்களைச் சொன்னேன். கேள்வி அவர்களுடையது என்பதால் பதில் நினைவில் நிற்கும்.

இரண்டு தேதிகள்

இனி நான் எடுக்க விரும்பும் பாடம் இது. கரும்பலகையில் இரண்டு தேதிகளை மட்டும் எழுத வேண்டும். 1943 டிசம்பர் 30: நேதாஜி போர்ட் பிளேயரில் தேசியக் கொடி ஏற்றிய நாள். 1944 ஜனவரி 30: ஒற்றர்கள் என்று பழி சுமத்தி ஜப்பானியப் படை ஹம்ப்ரிகஞ்சில் 44 பேரைச் சுட்டுக் கொன்ற நாள். இடைவெளி ஒரே மாதம்.

முதல் தேதி பெருமையோடு சொல்லப்படுகிறது. இரண்டாவது, தீவுக்காரர்கள் வீட்டுக்குள் பேசிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பிள்ளை பழக வேண்டும். ஒன்றைச் சொல்லி ஒன்றை மறைத்தால் அது பாடமாகாது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் காலத்தைக் கண்ட பெரியவர்கள் மிகச் சிலரே இன்று இருப்பார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர்களாவது நம்மிடையே இருக்கிறார்கள்.

சட்டசபை எங்கே?

குடிமையியலில் மாநிலச் சட்டசபையைப் பற்றிப் பாடம் வருகிறது. முதலமைச்சர், எம்.எல்.ஏ. என்று பிள்ளைகள் படிக்கிறார்கள். நம் யூனியன் பிரதேசத்துக்குச் சட்டசபை இல்லை. துணைநிலை ஆளுநர் இருக்கிறார். மக்களவைக்கு ஓர் உறுப்பினர் இருக்கிறார். அந்த ஓர் உறுப்பினரை இங்குள்ள மக்களே வாக்களித்து முதலில் தேர்ந்தெடுத்தது 1967-இல்தான். நமக்கு வாக்குக் கேட்டு வருபவர்கள் எம்.பி. வேட்பாளரும், பஞ்சாயத்து, நகராட்சி வேட்பாளர்களும்தான்.

எனவே குழாயிலிருந்து தொடங்கலாம். "உங்கள் வீட்டுக் குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது? எங்கிருந்து வருகிறது?" தானிக்காரி அணையிலிருந்து நகரத்துக் குழாய் வரை வழியை வரையச் சொல்லலாம். எந்த இடத்தில் யார் பொறுப்பு, மனு யாரிடம் கொடுப்பது என்று எழுதச் சொல்லலாம். எட்டாம் வகுப்புப் பிள்ளை சொந்தக் கையால் ஒரு மனு எழுதக் கற்றுக்கொண்டால், அது வாழ்நாள் முழுவதும் உதவும்.

கடல் வந்த நாள்

இன்று பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் யாரும் 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்தவர்கள் இல்லை. அன்று காலை 6.29 மணிக்கு நிலம் நடுங்கியதை அவர்களின் பெற்றோர் மறக்கவில்லை. இரண்டு நோட்டுகளை மேசையில் வைத்து, ஒன்றை மற்றொன்றின் அடியில் தள்ளினால் மேலுள்ளது வளைந்து எழும்பும். பிறகு சட்டென்று நழுவும். இந்திய நிலத்தட்டு பர்மாத் தட்டின் அடியில் செல்வதை இப்படிக் காட்டலாம். இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. வட அந்தமானில் சில இடங்கள் உயர்ந்து, பவளப்பாறைகள் வெளியே தெரிந்தன. சிப்பிகாட்டில் வயலாக இருந்த இடத்தில் இன்று உப்புநீர் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்க்கும் அந்த நீர்நிலையே ஒரு பாடம்.

சிறிய அந்தமானின் ஓங்கி மக்கள் உடனே மேட்டுக்கு ஏறித் தப்பித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படிக்காதவர்கள் என்று நாம் நினைத்தவர்களிடம் நமக்குத் தெரியாத படிப்பு இருந்தது. ஆனால் இந்தப் பாடத்தில் எச்சரிக்கை தேவை. உறவினரைக் கடலுக்குக் கொடுத்த வீட்டுப் பிள்ளை வகுப்பில் இருக்கக்கூடும். "விருப்பம் இருந்தால் மட்டும் வீட்டில் கேட்டு வா" என்று சொல்வதே முறை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள்

"இப்படியெல்லாம் நடத்தினால் பாடத்திட்டம் முடியுமா, மதிப்பெண் வருமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கயிற்றுக்கு இரண்டு வகுப்பு நேரம் ஆனது, சிறைக்கு ஒன்று. பத்தாம் வகுப்பு வாரியத் தேர்விலும் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 20 மதிப்பெண் பள்ளி மதிப்பீட்டுக்கு என்று இருக்கிறது. வரைபடமும் செய்முறைத் திட்டமும் அதில் சேர்ந்தவையே. "ஏன்" என்று தெரிந்துகொண்ட பிள்ளைக்கு "எப்போது" என்பது நினைவில் நிற்பதை நேரில் கண்டேன்.

ஆனால் ஆசிரியரால் மட்டும் முடியாத ஒன்று உண்டு. கயிறு கட்டிய அன்று பல பிள்ளைகளின் அட்டை வெறுமையாக இருந்தது. "வீட்ல கேட்டேன், தெரியாதுன்னுட்டாங்க" என்றார்கள். முதல் தலைமுறையில் வந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். அவர்கள் கதை எந்தப் பாடநூலிலும் இல்லை. நாம் சொல்லாவிட்டால் எவரும் சொல்லப்போவதில்லை.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளை அருகில் உட்காரவைத்து ஐந்து விஷயங்களைச் சொல்லுங்கள். நம் வீட்டிலிருந்து முதலில் வந்தவர் யார்? எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டு? எந்தக் கப்பல், எத்தனை நாள் பயணம்? கையில் என்ன கொண்டுவந்தார்? முதல் வேலை என்ன, முதல் கூலி எவ்வளவு? பழைய டிக்கெட்டோ, நில ஒதுக்கீட்டுத் தாளோ, புகைப்படமோ பெட்டியில் இருந்தால் எடுத்துக் காட்டுங்கள். பள்ளியில் பாடம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கலாம். இந்தக் கதையைத் தமிழிலேயே சொல்லுங்கள்.

தெரிந்ததை ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். கயிற்றில் மாட்ட ஓர் ஆசிரியர் வேண்டும். அந்த வேலைக்குத்தான் நாங்கள் சிலர் தயாராகிக்கொண்டிருக்கிறோம்.