குழியில் தேங்கும் குளிர்

“மினி காஷ்மீரானது ஊட்டி!” டிசம்பர் பிறந்தால் இந்தத் தலைப்பு எப்படியும் வந்துவிடும். கூடவே புல்வெளி வெளுத்துக் கிடக்கும் படமும், ‘பனிப்பொழிவு’ என்ற புளுகும். ஊட்டியில் அந்தப் பனி வானத்திலிருந்து விழுவதில்லை. அது உறைபனி, புல்லின் மேலேயே உருவாகிறது. அதைப் பார்க்க விடுதி தேடுபவர் மாதத்தை மட்டும் பார்த்தால் போதாது, மேடு பள்ளத்தையும் பார்க்க வேண்டும்.

ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை காற்றில் ஈரம் குறைவு. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக இறைத்துக்கொண்டே இருக்கும். அதில் ஒரு பங்கைத் திருப்பித் தர மேலே மேகமும் இல்லை, போதிய நீராவியும் இல்லை. மெல்லிய புல் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். வானிலை நிலைய வெப்பமானி இருப்பது ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் உயரத்தில். அது 3 டிகிரி காட்டும்போதே புல் நுனி பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியிருக்கலாம். அப்போது நீராவி தண்ணீராகாமலேயே அதன்மேல் வெள்ளை ஊசிகளாகப் படியும். செய்தியில் வரும் ‘மைனஸ்’ எந்த உயரத்தில் அளந்தது என்று யாரும் கேட்பதில்லை.

குளிர்ந்த காற்று கனமானது; சரிவில் மெல்ல இறங்கும். நீலகிரியை ஒரு குழிப்பணியாரச் சட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மாவை எங்கே சிந்தினாலும் குழிக்குத்தான் வந்து சேரும். காந்தல், தலைக்குந்தா, குதிரைப் பந்தய மைதானம் எல்லாம் குழிகள். நள்ளிரவுக்கு மேல் குழி நிரம்பி, விடியும்போது பணியாரம் தயார். இங்கே அது வேகாது, உறையும். சட்டியின் மேட்டில், அதாவது ‘வியூ பாயின்ட்’ காட்டேஜில், கூடுதல் காசு கொடுத்துப் படுத்தவருக்கு வெறும் சட்டிதான். காற்று பலமாக அடித்தால் சட்டியையே யாரோ குலுக்கிய மாதிரி: மாவு கலைந்துவிடும், ஒருவருக்கும் பணியாரம் கிடையாது.

பள்ளத்தில் தேயிலை வைத்திருப்பவருக்கோ இது கருகிய கொழுந்து. அங்கே யாரும் படம் எடுப்பதில்லை.

உறைபனி குளிர்காலத்தில் இருக்க, ஊட்டிக்கு மே மாதம் ‘சீசன்’ ஆனதற்கு மலை காரணமில்லை, மதராஸ் வெயில்தான் காரணம். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் ஊட்டியில் கல் வீடு கட்டினார். பின்னாளில் மாகாண அரசாங்கமே கோடையில் மலையேறியது. 1908-ல் ரயிலும் வந்தது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் மே மாதம் மலர்க் கண்காட்சியும் வாகன நெரிசலும். 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கித்தான் ஏற வேண்டியிருக்கிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்டில் ஊட்டிக்குப் பக்கத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. மழை பிடித்தவருக்கு அது தனிச் சுகம். உறைபனி தேடுபவருக்கு வேலையில்லை.

ஆக, பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரிக் கடைசியில், வார நாளில் போகலாம். அறை பதிவு செய்யும்போது ஹீட்டர் உண்டா என்று கேட்பதற்கு முன் வீடு பள்ளத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இரவு பத்து மணிக்கு வெளியே வந்து பாருங்கள்: நட்சத்திரம் தெளிவாகத் தெரிந்து, இலை அசையாமல் இருந்தால் ஆறரைக்கு அலாரம் வையுங்கள். வெயில் ஏறிய பிறகு எழுந்தால் ஈரப் புல்தான் இருக்கும்.