திக்குவாய்க்குத் தாயே வைத்தியர்!

நேற்று வரை மளமளவென்று பேசிய குழந்தை, திடீரென்று ஒரு நாள் திக்குகிறது. பெரும்பாலும் 2 வயதுக்கும் 4 வயதுக்கும் இடையில் இது ஆரம்பிக்கிறது. இது பெற்றோரின் வளர்ப்பில் உள்ள குற்றம் அல்ல. சில குழந்தைகளுக்குத் தானாகவே நின்றுவிடும். நிற்காவிட்டால், பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கவனிப்பது நல்லது. வயது ஏற ஏறக் குணமாவது கடினம். பள்ளியில் மற்ற பிள்ளைகளின் கேலி வேறு!

பட்டணத்துக் குழந்தையை நிபுணரிடம் அழைத்துப் போகலாம். பட்டிக்காட்டுக் குழந்தையை என்ன செய்வது?

பக்கத்து வீடு எங்கே?

ஆஸ்திரேலியாவில் இது பெரிய பிரச்சினை. அந்த நாட்டின் நடுவே பரந்த மாட்டுப் பண்ணைகள் இருக்கின்றன. பக்கத்துப் பண்ணைக்குப் போகவே நெடுநேரம் கார் ஓட்ட வேண்டும். இப்படிப்பட்ட இடங்களுக்கு 1928-ம் ஆண்டு முதல் டாக்டர் விமானத்தில் போனார். 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் இருந்து ரேடியோ மூலம் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். டாக்டரும் வாத்தியாரும் ஆகாய வழியாக வந்த பிறகு, திக்குவாய் நிபுணர் மட்டும் வராமல் இருப்பாரா?

மருந்து இல்லாத சிகிச்சை

சிட்னி நகரில் லிட்கம் என்று ஒரு பகுதி. மார்க் ஆன்ஸ்லோ என்ற பேராசிரியரும் மற்ற நிபுணர்களும் உருவாக்கிய சிகிச்சைக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்ற முறை இது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. சிகிச்சை செய்பவர் தாய் அல்லது தந்தை. நிபுணர் வாரம் ஒரு முறை வழி சொல்வார்.

தினமும் 10 அல்லது 15 நிமிடம் தாய் குழந்தையுடன் விளையாடிக்கொண்டே பேசுவாள். திக்காமல் பேசினால், "அடடே, தடங்கலே இல்லாமல் சொன்னாயே!" என்று மெச்சுவாள். எப்போதாவது மட்டும், "கொஞ்சம் இடறிவிட்டது. இன்னொரு தடவை சொல்கிறாயா, கண்ணு?" என்பாள். மெச்சுவதுதான் அதிகம். அதட்டவே கூடாது. கேட்பதற்கு இது எளிது. ஆனால் அளவு மீறினால் குழந்தைக்கு எரிச்சல் வரும். அதனால்தான் நிபுணரின் கண் தேவை.

தாய் தினமும் மார்க்கும் போடுவாள். திக்கவே இல்லை என்றால் 0. மிக மோசம் என்றால் 9. பூஜ்யம் வாங்கினால் வெற்றி என்கிற பரீட்சை இது ஒன்றுதான்!

தபாலில் போன குரல்

முதலில் டெலிபோனில் யோசனை சொன்னார்கள். குழந்தையின் பேச்சைப் பதிவு செய்து, தாய் தபாலில் அனுப்புவாள். இதற்குப் பலன் உண்டு என்று 2008-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. ஆனால் நேரில் பார்ப்பதைவிட நிபுணருக்கு வேலை அதிகம்.

பிறகு கம்ப்யூட்டர் காமிரா வந்தது. 3 முதல் 5 வயது வரையுள்ள 49 குழந்தைகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு நேரில் சிகிச்சை, மற்றதற்குத் திரையில். 9 மாதம் கழித்தும், 18 மாதம் கழித்தும் குழந்தைகளின் பேச்சை அளந்தார்கள். சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நிபுணர் செலவிட்ட நேரத்திலும் இல்லை. 2016-ல் இந்த முடிவு வெளியாயிற்று.

திக்குவது ஏறக்குறைய நின்ற பிறகும் நிபுணர் உடனே கைவிடுவதில்லை. 2 வாரம், 4 வாரம், 8 வாரம் என்று இடைவெளி விட்டுப் பார்க்கிறார். இடையில் திக்கல் தலைகாட்டினால், மறுபடியும் வாரம் ஒரு சந்திப்பு.